மணி அடித்ததும் வரும் பத்து நிமிடம்

வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்ட ஆசிரியர்களிடமிருந்து வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. பாடம் நடத்துவதில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. பாடம் தொடங்கும் முன்பும், ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவிலும்தான் வகுப்பு கையை விட்டுப் போகிறது. அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். வருகைப் பதிவு, செல்போன் செயலி, சத்துணவுக் கணக்கு, தாமதமாக வரும் பிள்ளைகள், “டீச்சர், பென்சில் இல்ல” எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. முதல் பாடவேளை அப்படியே போய்விடுகிறது.
– தலைமை ஆசிரியை, தொடக்கப் பள்ளி, திருவட்டார் வட்டம்

பிள்ளைகள் வந்து உட்காரும்போது கையில் வேலை இருக்க வேண்டும். முந்தின நாள் மாலை கிளம்பும் முன்பே மறுநாளைக்கான தொடக்க வேலையைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி கற்றல் நிலையை வைத்துப் பிரித்திருக்கும் அரும்பு, மொட்டு, மலர் குழுக்களே இதற்குப் போதும். அரும்புப் பிள்ளைகளுக்குப் படத்தைப் பார்த்து முதல் எழுத்தை எழுதுவது, மொட்டுக்கு ஐந்து சொற்கள், மலருக்கு மூன்று வாக்கியங்கள். எட்டு முதல் பத்து நிமிடம் வரை ஓட வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: ஏற்கெனவே தெரிந்த வேலையாக இருக்க வேண்டும். புதிதாக எதையாவது கொடுத்தால் பத்துப் பேர் எழுந்து உங்கள் மேசைக்கு வந்து நிற்பார்கள், வேலை கொடுத்ததன் பயனே போய்விடும்.

வருகை எடுக்கப் பெயர் கூப்பிட வேண்டாம். ஒவ்வொரு வரிசைத் தலைவரும் வராதவர் பெயரை மட்டும் சொன்னால் போதும். முதலில் பதிவேட்டில் எழுதுங்கள், பிறகு செயலியில் ஏற்றுங்கள். மலையோரப் பள்ளிகளில் சிக்னலுக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்கும் நேரத்தில்தான் உள்ளே சண்டை தொடங்குகிறது. சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிடுங்கள். அரிசி அளக்க எண்ணிக்கை தேவை, சத்துணவு அமைப்பாளர் உள்ளே வராமலே எடுத்துக்கொள்வார். பென்சிலுக்கு, சீவிய பத்துப் பென்சில்களை ஒரு டப்பாவில் வையுங்கள். எடுக்கிற பிள்ளை தன் பெயர் அட்டையை டப்பாவில் போட வேண்டும், மாலையில் பென்சிலைத் தந்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் டப்பா காலியாகிவிடும்.

அடுத்தது சேர்ந்து உட்காரும் வகுப்புகள். ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் மற்றவர் என்று பிரித்த பிறகும் ஒரே அறையில் இரண்டு குழு இருக்கும். இரண்டையும் ஒரே பலகையைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள். முதுகோடு முதுகாக உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்க்கட்டும், உங்கள் குரல் ஒரு பக்கமாகவே போகும். நாற்பது நிமிடத்தில் ஒரு குழுவுக்கு 15 நிமிடம் நேரடிப் பாடம், 20 நிமிடம் தனிவேலை, 5 நிமிடம் சரிபார்ப்பு. மற்றக் குழுவுக்குத் தனிவேலை முதலில், பாடம் பிறகு.

தனிவேலைதான் பெரும்பாலும் கெடுகிறது. “பாடத்தைப் பார்த்து எழுது” என்றால் வேகமான பிள்ளை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும், மெதுவான பிள்ளை மணி அடித்தாலும் முடிக்காது. ஆறு கணக்கு கட்டாயம், முடித்தவர்கள் தாங்களே இரண்டு கணக்கு உண்டாக்கி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். விடைத்தாள் குழுத் தலைவரிடம் இருக்கட்டும். சரிபார்க்காத தனிவேலையை மூன்றாம் நாள் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள்.

பெற்றோர் கூட்டம் வைத்தால் அம்மாக்கள் மட்டுமே வருகிறார்கள். அப்பாக்களை எப்படி வரவழைப்பது?
– பட்டதாரி ஆசிரியர், தூத்தூர் பகுதி

நாட்காட்டியைக் கடலோடு பொருத்துங்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஊரில் இருப்பது அப்போதுதான், பள்ளி திறப்பதும் அதே நேரம். முக்கியமான கூட்டத்தை ஜூன் கடைசிக்குள் வைத்துவிடுங்கள். கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் துறைமுகத்தில் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அங்கே பள்ளி திறந்த முதல் சில நாட்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்களுக்கு ஞாயிறு திருப்பலி முடிந்த நேரம் வசதி. ஊர்த் திருவிழாத் தேதியையும் ஜூனிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நாளில் தேர்வு வைத்தால் பாதி வகுப்பு இருக்காது.

இன்னொன்று, கேள்வியில் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். குடும்ப விவரப் படிவத்தை வகுப்பு நடுவே வாய்விட்டுக் கேட்டு நிரப்பாதீர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் தந்தையை இழந்த பிள்ளைகள் இந்தக் கரையில் உண்டு, கடலில் ஆள் இழப்பது அதோடு நின்றுவிடவும் இல்லை. அப்பா பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் முதல் இரண்டு பாடவேளையும் தூங்குகிறான். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். கண்டித்தும் பயனில்லை.
– வகுப்பாசிரியர், குலசேகரம் பகுதி

கண்டிப்பதற்கு முன் அவன் தூங்கும் நாட்களை இரண்டு வாரம் குறித்து வையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று வந்தால் காரணம் தெளிவு: அப்பாவோடு பால் வெட்டப் போகிறான். மரத்தில் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். வெயில் ஏறும் முன் மரத்தில் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், அதனால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். சிரட்டையில் வடிந்ததை எடுக்கும் நேரம் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தோடு மோதும்.

வெட்டில்லாத நாளுக்குக் கடினப் பாடத்தையும் தேர்வையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். அப்பாவிடம் “பையனை வேலைக்குக் கூப்பிடாதீர்கள்” என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். தேர்வு நடக்கும் நாட்களும் அதற்கு முந்தின இரண்டு நாட்களும் வேண்டாம் என்று தேதி எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கும் பிப்ரவரி–மார்ச் வாரங்களைத் திருப்புதலுக்கு முழுமையாகப் பயன்படுத்துங்கள். மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் மழை நாட்களிலும் வெட்டு இருக்காது. 14 வயது நிறையாத பிள்ளை பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத வீட்டு வேலையில் உதவச் சட்டம் இடம் தருகிறது. அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனால் அது குழந்தைத் தொழில், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டியது.

ஏழாம் வகுப்பில் 38 பேர், நான்கு நோட்டு. திருத்தி மாளவில்லை.
– ஆசிரியை, நாகர்கோவில்

38-ஐ நான்கால் பெருக்கினால் 152 நோட்டு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல். எல்லாவற்றையும் எல்லா வாரமும் திருத்துவது நடக்காத காரியம், நடந்தால் அது வெறும் டிக் அடிப்பு. நாளுக்கு எட்டு அல்லது பத்து நோட்டை மட்டும் ஆழமாகத் திருத்துங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே பிழை வகை: ர, ற ஒரு வாரம், சந்தி ஒரு வாரம். சரியான சொல்லை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். வரியோரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், பிழையை அந்த வரியில் பிள்ளையே தேடட்டும். நோட்டை மறுநாளே திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு நாள் கழித்துக் கொடுத்தால் என்ன எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறது. பேசுகிறது, எழுதத் தடுமாறுகிறது.
– ஆசிரியர், களியக்காவிளை

தடுமாற்றம் மூன்று இடத்தில் இருக்கும். முதலாவது, வல்லின எழுத்து. மலையாளத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து உண்டு. இங்கே ஒரே ‘க’தான், ஒலி இடத்தைப் பொறுத்து மாறும். கடல், பக்கம் ஒரு பத்தி, தங்கம் ஒரு பத்தி, மகன் ஒரு பத்தி என்று மூன்று பத்தியாக எழுதித் தினம் கால்மணி நேரம் வாசிக்க வையுங்கள். பாட்டு, நண்டு, பாடு என ‘ட’வுக்கும் அப்படியே. இரண்டாவது, சொல்லின் கடைசி. மலை, தலை என்பவை வீட்டில் ‘மல’, ‘தல’ என்றிருப்பதால் ஐகாரம் விழுந்துவிடும். மூன்றாவது, வினைமுற்று. மலையாள வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. அதனால் ‘நான் வந்து, அவன் வந்து’ என்று எழுதும். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வாய்ப்பாடு மாதிரி சொல்ல வையுங்கள், இலக்கணப் பெயர்கள் இப்போது வேண்டாம்.

ர, ற வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் அந்தப் பிள்ளையின் வாயில் சுத்தமாக இருக்கும். சொல்வதெழுதுதலில் அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி மற்றவர்களை எழுத வையுங்கள். பிள்ளைக்கும் தெம்பு, வகுப்புக்கும் லாபம்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் 35 எடுக்கத் திணறும் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?
– கணித ஆசிரியர், தோவாளை வட்டம்

வினாத்தாள் அமைப்பிலிருந்து. ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. கடைசி இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும், மொத்தம் 16. நான்கைந்து மாதிரிக்குள் அடங்கும் கேள்விகள் இவை, கையால் பழகினால் வந்துவிடும். ஒரு மதிப்பெண்ணில் பாடநூல் பயிற்சி வினாக்களைத் திரும்பத் திரும்பச் செய்து பத்து வாங்கினால் 26 ஆகிவிடுகிறது. மீதிக்கு இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஐந்து போதும்.

வடிவியலில் முதலில் கருவிப்பெட்டியைப் பாருங்கள். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் வில் விலகும், பிள்ளை எத்தனை முறை செய்தாலும் அளவு தப்பும். பென்சில் முனை கூர்மையாக இருக்க வேண்டும். உதவிப் படம் வரையாமல் நேரே வரையத் தொடங்குவதும், வரைமுறைப் படிகளை எழுதாமல் விடுவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

வடிவொத்த முக்கோணத்தில் 7/4, 3/5 என்ற அளவு காரணிகளைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். ஒரே விதி போதும்: கதிரில் வைக்கும் சம இடைவெளிப் புள்ளிகள், இரண்டு எண்ணில் பெரியது எதுவோ அத்தனை. கீழ் எண் எதுவோ அந்தப் புள்ளியை அடிப்பக்கத்தின் முனையோடு சேர்க்க வேண்டும். மேல் எண் புள்ளியிலிருந்து அதற்கு இணைகோடு வரைய வேண்டும். 7/4 என்றால் இணைகோடு அடிப்பக்கத்தை நீட்டிய இடத்தில் வெட்டும், 3/5 என்றால் உள்ளேயே வெட்டும். இதை முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லுங்கள், தவறு நடந்தால் பிள்ளைக்கே தெரிந்துவிடும். வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறப்பதும், இருபடி வளைவரையை ஸ்கேல் வைத்து நேர்கோடுகளாக இணைப்பதும் வழக்கமான பிழைகள்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். நாள் முழுவதும் கத்தல், பதிவேடு, கூட்டம். ஆசிரியர் வேலையில் மனநிறைவு என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?
– இடைநிலை ஆசிரியை, கல்குளம் வட்டம்

அடையாளம் வைக்காததால் கண்ணில் படவில்லை. பிள்ளை மாறுவது மெதுவாக நடக்கும், தினம் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஜூன் இரண்டாம் வாரம் பத்துச் சொல்லும் இரண்டு வாக்கியமும் சொல்வதெழுதுதல் வைத்து, தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். அதே தாளை அக்டோபரிலும் பிப்ரவரியிலும் வையுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். மூன்று தாளையும் பெற்றோர் முன் விரித்துக் காட்டுங்கள், அந்தக் கூட்டத்தில் யாரும் உங்களிடம் மதிப்பெண் பற்றி வாதாட மாட்டார்கள்.

தாளில் வராத அடையாளங்களும் உண்டு. பலகையில் நீங்கள் விட்ட ஒற்றெழுத்தைச் சுட்டிக்காட்டும் பிள்ளை. “புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கடைசி பெஞ்சிலிருந்து வரும் குரல். பயம் போனதற்கு அதைவிடச் சான்று கிடையாது. செப்டம்பர் 5 அன்று மேசையில் சேரும் பேனாவையும் பூவையும் மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எல்லோருக்கும் வரும்.

வெள்ளிக்கிழமை வந்தால் குரல் இல்லை.
– ஆசிரியர், குளச்சல்

சத்தத்துக்கு மேல் சத்தம் போடுவதால் வருவது. மூன்று கைத்தட்டு, பிறகு கை உயர்த்தல் என்று ஒரு சைகையைப் பழக்குங்கள், கத்த வேண்டிய பாதி இடம் குறையும். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். ஒவ்வொரு பாடவேளையிலும் சில மடக்கு தண்ணீர் குடியுங்கள். தொண்டையைச் செருமுவது குரல்நாண்களை மோத வைத்து எரிச்சலைக் கூட்டும், அதற்குப் பதில் விழுங்கிவிடுங்கள். சுண்ணக்கட்டித் தூசுக்கு ஈரத் துணி போதும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.