அமெரிக்காவுல உக்காந்து சாப்பிட்டுட்டு கூடவே பார்சலும் வாங்குனா, பார்சலுக்கும் டிப்ஸ் வைக்கணுமா?

வைக்கணும், ஆனா சாப்பிட்ட அளவுக்கு வேணாம். நீங்க சாப்பிட்டது 60 டாலர், வீட்ல இருக்கிறவங்களுக்கு கட்டுனது 30 டாலர்னு வைங்க, 60க்கு 20 சதவீதம்னா 12, பார்சலுக்கு 10 சதவீதம்னா 3, ஆக 15 டாலர் வச்சா யாரும் மூஞ்சிய சுளிக்க மாட்டாங்க. பார்சலுக்கு எதுக்குன்னா, ஆர்டர் எடுத்து டப்பா, சாஸ், ஸ்பூன் எல்லாம் சரிபாத்து பையில போடுறது பெரும்பாலும் அதே சர்வர்தான், அதோட நிறைய கடையில அவங்க போட்ட மொத்த பில்லை வச்சுதான் டேபிள் துடைக்கிறவங்களுக்கும் பார்டெண்டருக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்கணும், உங்க பார்சலும் அந்தக் கணக்குல வந்துரும். டிப்ஸ் வாங்குறவங்களுக்கு ஃபெடரல் சட்டப்படி முதலாளி குடுக்க வேண்டியது மணிக்கு வெறும் 2.13 டாலர், 1991லருந்து ஏறவே இல்ல (டிப்ஸ் சேத்தும் குறைந்தபட்ச சம்பளமான மணிக்கு 7.25 டாலர் வரலைன்னா மீதிய முதலாளி போடணும்). கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலத்துல இப்படி டிப்ஸைக் காட்டி சம்பளத்தைக் குறைக்கிறது கிடையாது, முழு குறைந்தபட்ச சம்பளம் உண்டு, ஆனா அங்கயும் 20தான் எதிர்பாக்குறாங்க, அது வேற புலம்பல்.

பில்லுக்கு கீழ அச்சடிச்சிருக்குற 18, 20 சதவீத டிப்ஸ் கணக்கெல்லாம் சில சமயம் வரியையும் சேத்து போட்டிருப்பாங்க, பாத்துக்கோங்க. சாப்பிட்டு மிஞ்சுனதை டப்பாவுல கட்டிட்டு போறதுக்கு தனியா ஒண்ணும் வேணாம்.