வாசகர் கேள்வி பதில்: உலகின் மழையைக் கணக்கிடுபவர்கள்

கேள்வி: பன்னாட்டு மழைப்பொழிவுப் பணிக்குழு என்ற அறிவியலாளர் அமைப்பைப் பற்றி ஓரிடத்தில் ஒரு வரி படித்தேன். ஒவ்வொரு நாட்டிலும் வானிலைத் துறை இருக்கும்போது, இப்படியொரு தனிக்குழு எதற்கு?

பதில்: வானிலைத் துறைகள் தத்தம் நிலப்பரப்பில் பெய்யும் மழையைத்தான் அளக்கின்றன. புவிப்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு கடல். அங்கே சில தீவுகளையும் மிதவைகளையும் விட்டால் மழைமானி வைக்க இடமே கிடையாது. நிலத்திலும் பாலைவனங்கள், அடர்காடுகள், உயர்ந்த மலைத்தொடர்கள் ஆகியவற்றில் மழைமானிகள் மிகக் குறைவு. ஆகவே உலகம் முழுவதும் பெய்யும் மழையை அறியச் செயற்கைக்கோள்களையே நம்ப வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோள் தரவிலிருந்து மழையைக் கணக்கிடும் முறைகளைப் பல ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே உருவாக்கியதால், ஒரே நாளுக்கு, ஒரே இடத்துக்கு வெவ்வேறு விடைகள் வந்தன. இந்த நிலையில்தான் வானிலைச் செயற்கைக்கோள்களை இயக்கும் நிறுவனங்களின் ஒருங்கிணைப்புக் குழுவும் உலக வானிலை அமைப்பும் ஆதரவளிக்க, 2001-இல் இந்தப் பணிக்குழு அமைந்தது. முதல் பயிலரங்கு 2002-இல் மாட்ரிட் நகரில் நடந்தது. பின்னர் மான்டரே, மெல்பர்ன், பெய்ஜிங், ஹாம்பர்க் எனப் பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒருமுறை பயிலரங்குகள் தொடர்ந்தன.

இக்குழு செயற்கைக்கோள் எதையும் ஏவுவதில்லை. கருவியை வடிவமைப்பவர், கணக்கீட்டு முறையை எழுதுபவர், அதன் விடையைச் சரிபார்ப்பவர், அந்த விடையை வெள்ள முன்னறிவிப்புக்கோ வேளாண்மைக்கோ பயன்படுத்துபவர் ஆகிய நால்வகையினரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதே இதன் வேலை. கேட்பதற்குச் சிறிய வேலையாகத் தோன்றலாம். மழை ஆய்வில் இதுவே பெரிய வேலை என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை அடுத்த இரு கேள்விகள் கொண்டுவருகின்றன.

கேள்வி: பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் மழையை எப்படி அளக்கிறது?

பதில்: மூன்று வழிகள் உள்ளன, மூன்றிலும் குறை உண்டு.

முதலாவது அகச்சிவப்புக் கதிர். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் புவியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள், மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவு செய்கிறது. உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது, உயரமான மேகம் மழை தர வாய்ப்பு அதிகம் என்பது இதன் அடிப்படை. ஆனால் இடிமேகத்திலிருந்து பிரிந்து பரவும் மெல்லிய பனிப்படிக மேகமும் அதே அளவு குளிர்ந்திருக்கும். அதிலிருந்து தரைக்கு ஒரு துளியும் வராது. இந்த வழியில் பார்க்கப்படுவது மேகமே தவிர மழையன்று.

இரண்டாவது நுண்ணலை. மழைத்துளியும் பனித்துகளும் இயற்கையாக எழும் நுண்ணலைக் கதிரை நேரடியாகப் பாதிக்கின்றன. கடற்பரப்பு குறைவாகவே கதிர் உமிழ்வதால், அதன் பின்னணியில் மழைத்துளிகளின் உமிழ்வு தெளிவாகத் தெரிகிறது. நிலப்பரப்போ தானே மிகுதியாக உமிழ்வதால் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அங்கே மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனித்துகள்கள் உயர் அதிர்வெண் கதிரைச் சிதறடிப்பதை வைத்துக் கீழே பெய்யும் மழையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி எழும்பும்போது, பனி உருவாகும் உயரத்தை எட்டாத தாழ்ந்த மேகங்களே கனமழை பொழிவதுண்டு. அந்த மழையைச் செயற்கைக்கோள் குறைத்துக் காட்டுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மூன்றாவது ரேடார். 1997 நவம்பரில் ஜப்பானின் தானெகாஷிமாவிலிருந்து ஏவப்பட்ட டிஆர்எம்எம் செயற்கைக்கோள்தான் விண்வெளிக்கு முதல் மழை ரேடாரைக் கொண்டுசென்றது. அது 2015 வரை இயங்கியது. அதன் வழித்தோன்றலான ஜிபிஎம் மையச் செயற்கைக்கோளை நாசாவும் ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்சாவும் 2014 பிப்ரவரியில் ஏவின. அதில் 13.6, 35.5 கிகாஹெர்ட்ஸ் என இரு அதிர்வெண்களில் ரேடார் இயங்குகிறது. இரண்டு எதற்கென்றால், துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டியே ரேடார் எதிரொலி வலுக்கிறது. 2 மில்லிமீட்டர் துளி ஒன்று, 1 மில்லிமீட்டர் துளியைவிட 64 மடங்கு எதிரொலி தருகிறது. ஆனால் அதிலுள்ள நீர் 8 மடங்குதான். ஆகவே சில பெருந்துளிகளும் பல சிறுதுளிகளும் ரேடாருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். இரு அதிர்வெண்களின் எதிரொலிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டிலிருந்து துளிகளின் அளவை மதிப்பிட முடிகிறது. ஆயினும் அகன்று பார்க்கும் பட்டையில்கூட இந்த ரேடார் சுமார் 245 கிலோமீட்டர் அகலத்தையே காண்கிறது. எனவே மற்ற நாடுகளின் நுண்ணலைச் செயற்கைக்கோள்களை இதோடு ஒப்பிட்டு அளவுதிருத்தி, அவற்றையும் இணைத்துத்தான் உலகப் படம் வரையப்படுகிறது.

கேள்வி: ஐமெர்ஜ், ஜிஎஸ்மேப், சிமார்ஃப், பெர்சியன் என்று பல மழைத் தரவுகள் உள்ளன. ஒரே நாளுக்கு இவை மாறுபட்டால் எதை நம்புவது?

பதில்: பயன்பாட்டைப் பொறுத்தது. ஐமெர்ஜ் தரவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 10 கிலோமீட்டர் கட்டங்களில், அரைமணி நேரத்துக்கு ஒன்றாக அது கிடைக்கிறது. வெள்ள எச்சரிக்கைக்கான முதல் பதிப்பு ஏறத்தாழ 4 மணி நேரத்தில் வந்துவிடும். மழைமானி அளவுகளைக் கொண்டு திருத்திய இறுதிப் பதிப்புக்கு மூன்று மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். முதற்பதிப்பை வைத்துப் பருவகால ஆராய்ச்சி செய்வதும், இறுதிப் பதிப்புக்காக வெள்ள அதிகாரி காத்திருப்பதும் ஒரே அளவு பொருந்தாத செயல்கள்.

ஆனால் உங்கள் கேள்வியின் மையம் வேறு: யார் சொல்வது சரி என்று எப்படி அறிவது? பணிக்குழுவின் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய பரப்புகளில் செயற்கைக்கோள் மதிப்பீடுகளையும், கணினியில் வானிலையைக் கணக்கிடும் வானிலை மாதிரிகளின் முன்கணிப்பையும் மழைமானி, தரை ரேடார் அளவுகளுடன் நாள்தோறும் ஒப்பிட்டு, விடைகளை எவரும் காணும்படி வைத்தார்கள். தம்முடைய முறையின் தவறு அன்றாடம் பிறர் கண்ணில் படுவதற்கு உடன்படுவது ஆய்வுலகில் எளிதன்று. இந்த ஒப்பீட்டின் பயனாக 2007-இல் வெளியான முடிவு இன்றும் மேற்கோளாகிறது: கோடையின் இடிமழையில் செயற்கைக்கோள் மதிப்பீடுகள் சிறந்து விளங்குகின்றன, குளிர்காலத்தில் நடு அட்சரேகைப் பகுதிகளில் பரந்து பெய்யும் மழையில் மாதிரிகள் முந்துகின்றன. ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றொன்று கைகொடுக்கிறது என்பதால், இரண்டையும் இணைக்கும் முயற்சிகளுக்கு இது வலுச்சேர்த்தது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. மழையின் அளவைச் சரியாகச் சொல்லி, இடத்தை மட்டும் 20 கிலோமீட்டர் தள்ளிக் காட்டிய முறை, கட்டம் கட்டமாக ஒப்பிடும்போது இருமுறை தண்டிக்கப்படுகிறது: பெய்த இடத்தில் தவறவிட்டதற்கு ஒருமுறை, பெய்யாத இடத்தில் காட்டியதற்கு ஒருமுறை. மழையே இல்லை என்ற முறை ஒருமுறைதான் தண்டனை பெறும். இதனால் மழைத்திரளை முழு உருவாகக் கொண்டு ஒப்பிடும் வழிகளும் உருவாகின. தரவு அட்டவணையில் ஒரேயொரு பிழை எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் மழைமானிக்கு இனி வேலையில்லையா?

பதில்: நேர்மாறு. எல்லா முறைகளும் கடைசியில் அதனிடமே வந்து நிற்கின்றன. உலகில் தரவு கிடைக்கும் மழைமானிகள் அனைத்தின் வாய்ப்பரப்பையும் கூட்டினால் ஒரு கால்பந்துத் திடலில் பாதிகூட இராது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இயங்கும் மானிகளை மூடுவதும், தரவைப் பகிர மறுப்பதும் செயற்கைக்கோள் ஆய்வையே ஊனமாக்கும். மானியும் குறையற்றதன்று, காற்று வேகமாக வீசினால் துளிகள் அதன் வாயைத் தாண்டிச் சென்றுவிடும். உறைபனிப் பொழிவில் பாதிக்கு மேல் தவறவிடுவதும் உண்டு.

கேள்வி: புவி ஒரு டிகிரி வெப்பமடைந்தால் மழை 7 விழுக்காடு கூடும் என்பது உண்மையா?

பதில்: காற்று தாங்கக்கூடிய நீராவிதான் அந்த அளவு கூடும். உலகச் சராசரி மழை டிகிரிக்கு 1 முதல் 3 விழுக்காடு வரைதான் கூடும் என்பது காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கை தரும் மதிப்பீடு. நீராவி மழையாகும்போது வெளியாகும் வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்கு உமிழ்ந்து தீர்க்க வேண்டும். அந்த வேகமே சராசரி மழைக்கு வரம்பு கட்டுகிறது. ஆனால் மிகக் கனமழை ஏறத்தாழ 7 விழுக்காட்டை ஒட்டியே வலுக்கிறது. சராசரியும் உச்சமும் வெவ்வேறு வேகத்தில் மாறுவதால், மாதக் கூட்டுத்தொகையோடு நில்லாமல் அரைமணி நேரத் தரவையும் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. இந்தத் தரவுகளைக் கட்டணமின்றிப் பெற முடியுமா?

பதில்: முடியும். ஐமெர்ஜ், ஜிஎஸ்மேப் இரண்டையும் பெயரைப் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே பெறலாம். ஒரேயொரு புயல் நாளை எடுத்து, இரு தரவுகளையும் அருகிலுள்ள மழைமானியின் அளவோடு ஒப்பிட்டுத் தொடங்குங்கள். மானியின் 24 மணி நேரக் கணக்கு எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். செயற்கைக்கோள் தரவு உலகப் பொது நேரத்தில் இருக்கும்.