எரியும் படகுகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எஸ்தோனியாவின் சாரெமா தீவில், ஜூன் 23 இரவு, ஊரார் கூடிப் பழைய மரப்படகுகளைக் கடற்கரையில் எரித்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவன். என் தாத்தா தொட்டுக் கும்பிடாமல் வல்லத்தில் கால் வைத்ததில்லை. அவருடைய வல்லம் இன்றும் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. விறகுக்குக் கேட்டு வந்தவர்களை அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறார். அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்க வேண்டிய ஒன்றைப் பாட்டும் பீருமாக எரித்துக் கொண்டாடுவதை உங்களால் எப்படி மகிழ்ச்சியோடு பார்க்க முடிந்தது? அந்த மக்களுக்கு வலிக்கவே இல்லையா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

அவர்களுக்கு வலித்தது. எரிப்பதற்கு முன்பே எஞ்சினையும் விசிறியையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு படகின் சொந்தக்காரரான முதியவர் அணியத்தருகே, அதாவது படகின் முன்முனையருகே, நெடுநேரம் குனிந்து நின்று, துடுப்பைத் தாங்கும் இரும்பு வளையங்கள் இரண்டையும் தம் கையாலேயே திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தீ மூட்டப்பட்ட பின் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து பாடினார். வலியும் பாட்டும் ஒரே மனிதரிடம் ஒரே இரவில் இருந்ததைத்தான் என் கட்டுரையில் சொல்ல முயன்றேன்.

எரிக்கப்பட்டது எந்த நிலையில் இருந்த படகு என்பதை முதலில் சொல்ல வேண்டும். அந்தக் கடற்கரைகளின் மரபுப் படகு பைன் பலகைகளால் ஆனது. ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் விளிம்பின் மேல் படியுமாறு வைத்து, ஆணி அடித்து இறுக்கிக்கொண்டே மேலே போவார்கள். இரும்பாணி துருப்பிடிக்கும்போது அதைச் சுற்றியுள்ள மரமும் சேர்ந்து கெடுகிறது. கெட்ட மரத்தில் புது ஆணி பிடிக்காது. ஓரிரு பலகையை மாற்றலாம், அடிமரத்தோடு சேரும் இடமே இற்றுவிட்டால் புதுப்படகு கட்டுவதுதான் வழி. கரையில் ஏற்றி வைத்தால் காப்பாற்றிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. வெயிலில் மரம் சுருங்கிப் பொருத்துகள் வாய் திறக்கும், உள்ளே தேங்கும் மழைநீர் கடல்நீரைவிட வேகமாக மரத்தை உளுக்கச் செய்யும். உங்கள் கொல்லையில் கிடக்கும் வல்லத்துக்கும் இதே நிலைதான்.

அத்தகைய படகு எரியும் விதமும் தனியானது. ஆண்டுதோறும் பூசப்பட்ட தார் மரத்தின் உள்ளே ஊறியிருப்பதால், சூடு ஏறியதும் பலகைகளின் இணைப்புகளில் கறுத்த குமிழ்கள் வரிசையாகப் பொங்கி வழிகின்றன. பிறகு ஆணியின் பிடி தளர்ந்த பலகைகள் ஒவ்வொன்றாகச் சடசடவென்ற ஓசையுடன் வளைவிலிருந்து விடுபட்டு நிமிர்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தச்சர் வளைத்துப் பூட்டிய பலகை அது. வெளிப்பலகை எல்லாம் போன பின்பும், விலா எலும்புபோல் அவற்றை உள்ளிருந்து தாங்கும் வங்குகள் மட்டும் கொஞ்ச நேரம் நின்று எரிகின்றன. படகு எவ்வாறு கட்டப்பட்டது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. கூட்டத்திலிருந்த பெரியவர்கள் அதைச் சுட்டிக்காட்டிச் சிறுவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். (ஈயமும் செம்பும் கலந்த வண்ணம் பூசிய படகுகளையும், கண்ணாடியிழைப் படகுகளையும் தீயில் இடக்கூடாது, அவற்றின் புகை நஞ்சு.)

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். சாரெமாவின் தென்முனையில் நின்று இர்பே நீரிணையைக் கடந்து நோக்கினால், எதிர்க்கரை லாட்வியாவின் லிவோனியக் கடற்கரை. லிவோனியர்கள் எஸ்தோனிய மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசிய மீனவ மக்கள். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த கடைசி மனிதர் 2013-ஆம் ஆண்டு கனடாவில் காலமானார். அவர்களுடைய பச்சை, வெள்ளை, நீலக் கொடி, கடலில் படகிலிருந்து திரும்பிப் பார்க்கும் மீனவரின் கண்ணில் படும் காட்சி: காடு, மணல், கடல். அவர்களும் ஆண்டின் நடுக்கோடை இரவில் பழைய படகுகளை எரிப்பவர்களாகத்தான் இருந்தார்கள். அங்கே மசிர்பே என்னும் ஊரில், கடலை ஒட்டிய பைன் காட்டுக்குள், பழைய மீன்பிடிப் படகுகள் பாசி படர்ந்து மண்ணில் புதைந்து கிடக்கின்றன. அந்த இடத்தைப் படகுகளின் இடுகாடு என்று அழைக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துச் செல்கிறார்கள்.

அந்தப் படகுகள் எரிக்கப்படாமல் எஞ்சியது எப்படி என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1944-ஆம் ஆண்டு சோவியத் படைகள் திரும்பி வந்தபோது, எஸ்தோனியாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேற்கு நோக்கித் தப்பினார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோரும், லாட்வியக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரும், சிறு மீன்பிடிப் படகுகளில் ஏறி ஸ்வீடனுக்குப் போனார்கள். அதன் பிறகு அரசின் கண்ணில் ஒவ்வொரு படகும் தப்பிக்கும் வழியாகிவிட்டது. கடற்கரை முழுவதும் எல்லைக் காவல் பகுதியானது. காலடித்தடம் தெரிவதற்காக மணலைப் பரம்படித்து வைத்தார்கள், இரவில் தேடுவிளக்குகள் கரையைத் துழாவின, சாரெமா தீவுக்குள் வருவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. மீன்பிடித் தொழில் கூட்டுப் பண்ணைகளின் கைக்குப் போய்ப் பெரிய துறைமுகங்களில் குவிந்தது. சிற்றூர்களின் கரைகள் தொழிலற்றுப் போயின. கடலுக்குக் கொண்டுபோகவும் முடியாமல், கரையில் தீ வளர்த்து எரிக்கவும் முடியாமல், லிவோனிய மீனவர்கள் தங்கள் படகுகளைக் காட்டுக்குள் இழுத்துச் சென்று விட்டார்கள்.

ஆக, சாரெமாவில் எரிந்துபோன படகு, தம் படகைத் தாமே முடித்துவைக்கும் உரிமை பெற்ற மக்களுடையது. மசிர்பேயில் மிஞ்சியிருப்பவை அந்த உரிமை பறிக்கப்பட்டவர்களின் படகுகள். கரையில் எதுவும் மிச்சமில்லாமல் சாம்பலாகும் அந்தத் தீயை நான் மகிழ்ச்சியோடு பார்த்ததற்கு இதுவே காரணம். எஸ்தோனியாவில் ஜூன் 23 வெற்றி நாளும்கூட. 1919-ஆம் ஆண்டு விடுதலைப் போரில் கிடைத்த வெற்றியின் நினைவாகக் குடியரசுத் தலைவர் அன்று காலையில் ஏற்றும் சுடர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கொண்டு செல்லப்பட்டு, அதிலிருந்து ஊர்களின் நெருப்பு மூட்டப்படுகிறது. கரையில் தீ மூட்டுவதே ஒரு காலத்தில் தடுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அந்தச் சுடரின் பொருள் நன்றாகவே தெரியும்.

ஆனால் எல்லாப் படகையும் எரிக்கலாம் என்று நான் கருதவில்லை. எரிக்கும் வழக்கம், அடுத்த படகைக் கட்டத் தச்சர் இருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. எஞ்சினும் கண்ணாடியிழையும் வந்து தச்சர்கள் குறைந்தபோது, அதே வழக்கம் ஒரு மரபையே துடைத்துவிடும் ஆபத்தாக மாறியது. நார்வேயிலும் கரையோரத் தீயில் பழைய படகுகளை இடுவது வழக்கம். அங்கே 1979-இல் கடற்கரைப் பண்பாட்டைக் காக்க அமைப்பொன்று உருவாகி, எஞ்சிய படகுகளைச் செப்பனிட்டு மீண்டும் பாய் கட்டி ஓட்டத் தொடங்கியது. 1997-இல் ஓசெல்வார் எனப்படும் படகுவகைக்காகவே ஒரு பட்டறை அமைத்து, முதிய தச்சர்களிடம் இளைஞர்கள் கற்க வழி செய்தார்கள். அந்த முறையை யுனெஸ்கோ 2016-இல் நல்ல பாதுகாப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. 2021-இல் வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளில் பலகைமேல் பலகை படியக் கட்டும் படகு மரபும், எஸ்தோனியாவின் சோமா பகுதியில் ஒரே மரத்தைக் குடைந்து சூடேற்றி விரிக்கும் படகும் யுனெஸ்கோ பட்டியல்களில் இடம்பெற்றன. இரண்டிலும் பட்டியலிடப்பட்டது கட்டும் அறிவும் ஓட்டும் பழக்கமும்.

மரத்தைவிட அறிவு ஏன் முதன்மையானது என்பதற்கு டென்மார்க்கில் ஒரு சான்று உண்டு. ரோஸ்கில்டே அருகே கடலடியிலிருந்து 1962-இல் ஐந்து வைக்கிங் காலக் கப்பல்களை அகழ்ந்தெடுத்தார்கள். அவற்றில் பெரிய போர்க்கப்பல், 1042 அளவில் டப்ளினில் கட்டப்பட்டது, ஏறத்தாழ கால்பங்கே கிடைத்தது. அதே அளவில் புதிய கப்பல் ஒன்றைக் கட்டி 2007-இல் டப்ளின் வரை ஓட்டிச் சென்றார்கள். கிடைக்காத முக்கால்பங்கையும் நிரப்ப முடிந்ததற்கு ஒரு காரணம், பலகை மேல் பலகை வைத்துக் கட்டும் தொழில் அந்தக் கரைகளில் அறுபடாமல் இருந்ததே. தச்சுக் கைகள் ஓய்ந்திருந்தால், அருங்காட்சியகத்தில் இருக்கும் கட்டைகளைப் பார்த்து ஊகிக்கத்தான் முடிந்திருக்கும்.

எனவே உங்கள் தாத்தாவின் வல்லத்தைப் பற்றிய என் கருத்து இதுதான். 2004 சுனாமிக்குப் பின் நம் கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் நிறைந்துவிட்டன. அதே வகை வல்லத்தைக் கட்டத் தெரிந்தவர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால், அவரைக் கொல்லைக்கே அழைத்து வந்து, அடிமரமான ஏராக்கட்டையிலிருந்து மேற்பலகை வரை ஒவ்வொரு உறுப்பின் பெயரையும், எந்த மரம், எவ்வளவு கனம், எங்கே எவ்வளவு வளைவு, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்துக்கு எதைப் பயன்படுத்தினார்கள் என்பதையும் அவர் வாயால் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். இரண்டடிக்கு ஒரு இடத்தில் குறுக்களவு எடுங்கள், உள்ளும் புறமும் படமெடுங்கள். அதன் பிறகு அந்த மரத்தை என்ன செய்வது என்பதை நீங்களும் அம்மாவும் முடிவு செய்யலாம். எது செய்தாலும் அது தவறாக இருக்காது. கட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால், வல்லத்துக்கு இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஒரு கூரை போட்டுவிடுங்கள். அளவுகளை எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள். மரபுப் படகுகளை ஆராய்பவர்கள் சிலரை அறிவேன், அவர்களிடம் சேர்ப்பிக்கிறேன்.

அன்புடன்