வினாக்கொத்தை வைத்துவிட்டுக் கதைப்புத்தகத்தை எடுங்கள்

வணக்கம் சேர்,

நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பட்டப்பின் படிப்புக்கு ‘மட்டக்களப்பு மாணவர் ஆங்கிலத்தில் பின்தங்குவதற்கான காரணங்கள்’ என்று தலைப்பு எடுத்து, நூறு பிள்ளைகளுக்கு வினாக்கொத்து கொடுக்க இருக்கிறேன். இன்னொன்று, பாடத்தில் தமிழ் பாவிக்கவே கூடாது என்கிறார்கள். பாவிக்காவிட்டால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்ட ஒரு வாசகி)

அன்புள்ள டீச்சர்,

தலைப்பை மாற்றுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். வினாக்கொத்தில் என்ன வரும் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். வீட்டில் ஆங்கிலம் கதைக்க ஆள் இல்லை, பிழை விட்டால் சிரிப்பார்கள், இலக்கணம் கஷ்டம். எல்லாம் உண்மைதான், ஆனால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குள் போய் எதை மாற்றுவீர்கள்? விடிய எழும்பி வயல் வட்டைக்குப் போகிற தாயைப் பற்றி ‘சாதகமற்ற குடும்பச் சூழல்’ என்று ஆய்வேட்டில் எழுதுவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

வார்விக் எலியும் பிரான்சிஸ் மங்குபாயும் பிஜித் தீவில் செய்து 1983இல் வெளியிட்ட ஆய்வைத் தேடி வாசியுங்கள். அங்கேயும் கிராமத்துப் பள்ளிகள், ஆங்கிலம் இரண்டாம் மொழி, புத்தகம் அரிது. எட்டுப் பள்ளிகளில் நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்ட 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் வாசித்துக் காட்டிப் பிள்ளைகளோடு கதையைப் பற்றிப் பேசினார், மற்றவற்றில் பிள்ளைகள் தாங்களே சத்தமில்லாமல் வாசித்தார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் வாசித்து விளங்குவதிலும் கேட்டு விளங்குவதிலும் வழமையைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள், அடுத்த வருடம் பார்த்தபோது அது மற்ற மொழித்திறன்களுக்கும் பரவியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் வீடு மாறவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இதையே சிறிதாகச் செய்யலாம். ஏழாம் தரத்தில் இரண்டு பிரிவு உங்களிடம் இருந்தால், இரண்டுக்கும் முதலில் ஒரே சோதனை வைத்துப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தொடக்கத்திலேயே ஒரு பிரிவு கெட்டிக்காரப் பிரிவாக இருந்தால் பிறகு வரும் வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. அப்புறம் ஒரு பிரிவுக்கு மட்டும் பாடவேளையில் 15 நிமிடம் மெல்லிய கதைப்புத்தகம். இரண்டு தவணை முடிய மறுபடி சோதனை. அதிபரிடமும் பெற்றோரிடமும் அனுமதி கேளுங்கள், முடிந்ததும் மற்றப் பிரிவுக்கும் அதே புத்தகங்களைக் கொடுத்துவிடுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு அது சேர வேண்டியது.

வாசிப்பு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவில் வருடக்கணக்காக பிரெஞ்சு மொழியிலேயே பாடம் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் கேட்பதை நன்றாக விளங்கிக்கொண்டும், பேச்சிலும் எழுத்திலும் தடுமாறினார்கள் என்பதை வைத்துத்தான் மொழி ஆய்வாளர் மெரில் சுவெய்ன் 1985இல், பிள்ளை தானாக மொழியை வெளியே கொண்டுவரவும் வேண்டும் என்றார். ஆகவே வாசித்த கதையை நாலு வசனத்தில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லட்டும், பிழையோடுதான் சொல்லட்டும், இடையில் திருத்தாதீர்கள்.

சரி, தமிழ். தயங்காமல் பாவியுங்கள். எனக்குப் படிப்பித்த ஒருவர் ஆங்கிலப் பாடத்தில் தமிழ்ச் சொல் ஒன்றுக்கு 25 சதம் தண்டம் வாங்குவார். நான் இரண்டு வருடம் அந்தப் பாடத்தில் பேசவே இல்லை, கேள்வி கேட்டதும் இல்லை, இன்றைக்கும் மேடையில் ஆங்கிலம் பேச எழும்பினால் அந்தப் பயம் வயிற்றுக்குள் வருகிறது. யாழ்ப்பாண ஆங்கில வகுப்புகளைக் கவனித்து மொழி ஆய்வாளர் சுரேஷ் கனகராஜா 1995இல் எழுதியிருக்கிறார். வகுப்பை நடத்தவும் பாடத்தை விளக்கவும் ஆசிரியர்கள் தமிழுக்கு மாறுவதை அவர் குறையாகப் பார்க்கவில்லை, அதற்கென்று வேலை இருப்பதைக் காட்டினார். உங்கள் ஆய்வேட்டில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழ் பாவிக்காதே என்று சொல்கிறவர்களிடமும் காட்டுங்கள்.

என் பிள்ளைகள் வாசித்து முடித்த சிறுவர் கதைகள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் கிடக்கின்றன. எந்தச் சனிக்கிழமை ரவுணுக்கு வருவீர்கள் என்று எழுதுங்கள், பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன்.