மொட்டைமாடி விளக்கும் மார்கழிப் பனியும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களைச் செடி, கேமரா, கச்சேரி என்று மூன்று கட்டுகளாகத்தான் அடுக்கி வைத்தேன். படித்து முடித்தபோது முதல் இரண்டு கட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே விளக்கு எரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. எனவே தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆடி மாதம் மொட்டைமாடியில் ஊன்றிய அவரைக் கொடி பந்தல் முழுவதும் படர்ந்துவிட்டது. கார்த்திகை முடியப்போகிறது, ஒரு பூவைக் காணோம். வாரந்தோறும் கடலைப் பிண்ணாக்கு கரைத்து ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டில் அதே விதை காய்த்துத் தொங்குகிறது. கொடியைப் பிடுங்கிவிடலாமா? (மாடிக் கதவுக்கு மேல் திருட்டுப் பயத்துக்காகப் போட்ட எல்.இ.டி. விளக்கு விடிய விடிய எரிவதால் மின்கட்டணம் ஏறிவிட்டது என்றும் கடிதத்தின் முடிவில் குறைப்பட்டிருக்கிறார்.)
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பிடுங்காதீர்கள். கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் ஊர்ப் பந்தல் அவரை, பகல் குறுகிய பிறகே பூக்கும் இயல்புடையது. ஆனி மாதத்தில் சென்னையில் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம் நீளும் பகல், டிசம்பர் 21, 22 வாக்கில் 11 மணி 20 நிமிட அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆடியில் ஊன்றிய விதை ஐப்பசி வரை இலையும் கொடியுமாகவே வளர்ந்து, பிறகு பூங்கொத்தை நீட்டுவது இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கண்டுகொண்டுதான். உண்மையில் செடி அளப்பது பகலின் நீளத்தை அன்று, இடையில் வெளிச்சம் குறுக்கிடாத இரவின் நீளத்தை. நடு இரவில் வெளிச்சம் பட்டால், நீண்ட இரவு வந்துவிட்டது என்பதே அதற்குத் தெரியாமல் போகும். பெங்களூருவைச் சுற்றிச் செவ்வந்தி பயிரிடுவோர் வயலில் இரவெல்லாம் வரிசையாக பல்புகளை எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுவதும் இதே சூட்சுமத்தைக் கொண்டுதான். அவர்கள் சந்தை விலையைக் கணக்கிட்டு வேண்டுமென்றே செய்கிறார்கள்; நீங்கள் அறியாமல் செய்திருக்கிறீர்கள்.

விளக்கை அணைத்துவிடுங்கள். பயம் விடாது என்றால், ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் எரியும் உணரி விளக்கை மாட்டி, அதன் முகத்தைப் பந்தலுக்கு எதிர்ப்பக்கமாகத் தரையை நோக்கித் திருப்பி வையுங்கள். கூடவே பிண்ணாக்குக் கரைசலையும் நிறுத்துங்கள். வாரம் தவறாமல் தழைச்சத்து கிடைக்கும் கொடி இலை விடுவதிலேயே சுகம் கண்டுவிடும். போதாக்குறைக்கு அந்த இளந்தளிரைத் தேடி அசுவினியும் வந்து சேரும். பதிலாக ஒரு கைப்பிடி மரச்சாம்பலைத் தூரைச் சுற்றித் தூவி, படர்ந்த கொடிகளின் நுனியைக் கிள்ளிவிட்டால், பொங்கலுக்குள் பூங்கொத்து தலைகாட்டக்கூடும். ஆண்டு முழுவதும் காய் வேண்டும் என்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை இருக்கிறது. ஆனால் பந்தல் அவரையின் மணம் அதில் வராது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கேள்வி: மாடியிலிருந்து நட்சத்திரங்களைப் படமெடுக்க இரண்டு வாரமாக முயல்கிறேன். 18–55 லென்ஸ் உள்ள சாதாரண கேமராதான். 30 வினாடி திறந்து வைத்தால் வானம் செம்மஞ்சளாக வெளுத்துப்போகிறது, நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன, பல படங்கள் புகைமூட்டமாக இருக்கின்றன. கேமராவை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. எதற்கும் கேமரா பொறுப்பில்லை.

முதலில் கோடு. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. 500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்பது தோராயமாகக் கிடைக்கும் என்பது படமெடுப்பவர்களின் பழைய கணக்கு. உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் உணரி சிறியதாக இருக்கும் என்பதால், லென்ஸின் மிகக் குறைந்த குவியத் தொலைவான 18ஐ ஒன்றரையால் பெருக்கி 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 18 வினாடி வருகிறது. இந்தப் பருவத்தில் எல்லோரும் குறிவைப்பது வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தை. அது வான நடுக்கோட்டில் இருப்பதால் அங்கே நட்சத்திரங்கள் மிக வேகமாக நகரும். 10 முதல் 12 வினாடிக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்தது செம்மஞ்சள் நிறம். அது தெருவிளக்கின் வெளிச்சம் ஈரக்காற்றில் பட்டுச் சிதறி வருவது. ஒளியுணர் அளவான ஐ.எஸ்.ஓ.வை 800க்கு மேல் ஏற்றாமல், லென்ஸின் துளையை எஃப் 3.5 அளவுக்கு முழுக்கத் திறந்து, கோப்பைக் கேமரா மெருகேற்றாத ரா வடிவில் சேமித்து, ஒரே இடத்தை இருபது முப்பது தடவை எடுத்து, பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். குவியத்தைத் தானியங்கிக்கு விடாமல், திரையில் சிரியஸ் போன்ற ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 10 மடங்கு பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகச் சுருங்கும்வரை வளையத்தைக் கையால் திருப்புங்கள். உங்கள் வீட்டு மாடி விளக்கையும் அணைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேற்கு மாம்பலத்துக்கு எழுதிய பதிலையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கடைசியாகப் புகைமூட்டம். இதில் நானே ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன். டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சத்தை எட்டும் மிதுன விண்கல் பொழிவைப் பிடிக்க வேண்டும் என்று, இரவு ஒரு மணிக்குக் குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை எடுத்து நேராக மாடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். லென்ஸ் ஜில்லென்று இருந்தது. சென்னைக் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்தது. வேட்டித் தலைப்பால் துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது. வானத்தில் விண்கற்கள் சீறிப் பாய, என் நினைவட்டையில் 140 மூட்டப் படங்கள் சேர்ந்தன. அன்றிலிருந்து கேமராவைப் பைக்குள் மூடியபடியே முக்கால் மணி நேரம் முன்னதாக மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். வெளிக்காற்றின் சூட்டுக்கு அது வந்த பிறகே பையைத் திறக்கிறேன்.

எந்த இரவு என்பதற்குச் செயலி எதுவும் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி போதும். வளர்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவையொட்டி மறையும். தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவையொட்டித்தான் உதிக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்கள் முழுக்க உங்களுடையவை. மார்கழித் திருவாதிரை அன்று மட்டும் ஆசைப்படாதீர்கள். வேட்டைக்காரனின் தோளில் சிவந்து தெரியும் திருவாதிரை நட்சத்திரத்தை நெருங்கி நிலா நிற்கும் நாள் அது. மார்கழியில் அந்த நிலா பௌர்ணமியை ஒட்டியதாகத்தான் இருக்கும். அன்று களி சாப்பிடலாம், படமெடுக்க முடியாது.

கேள்வி: சென்னை வானம் சரிப்படாது என்று நண்பர்கள் சேர்ந்து சனிக்கிழமை இரவு காவலூர் மலைக்குக் காரில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். அங்குள்ள வானியல் ஆய்வகத்துக்கு அருகிலேயே நின்று நட்சத்திரங்களைப் படமெடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், ஆவடி

பதில்: காவலூர் இருக்கும் ஜவ்வாது மலைக்குப் போங்கள், ஆய்வக வாசலுக்குப் போகாதீர்கள். அங்கே 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977இல் தெரியவந்தபோது அதற்கான அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. அந்த இருட்டுக்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வளைவில் திரும்பும் உங்கள் காரின் முகப்பு விளக்கு ஒரு விஞ்ஞானியின் இரவைக் கெடுத்துவிடும். ஆய்வகத்தைப் பார்ப்பதற்கென்று தனி நேரம் உண்டு, கேட்டறிந்து பகலில் போய்ப் பாருங்கள். படமெடுப்பதை ஆலங்காயம் தாண்டி, ஊரார் அனுமதியோடு ஏதாவது ஒரு களத்து மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். முக்கியமாக, வண்டி ஓட்டுகிறவர் அன்று இரவு அங்கேயே தூங்கட்டும்.

கேள்வி: வாரம் முழுக்க அலுவலகம். கிடைப்பது சனி, ஞாயிறு. தோட்டம், இரவுப் படம், கச்சேரி மூன்றும் வேண்டும். எனக்கு ராகம் எதுவும் தெரியாது. பெரிய சபாக்களின் மாலைக் கச்சேரி டிக்கெட்டும் கட்டுப்படியாகாது. எப்படித் திட்டமிடுவது?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: தோட்டத்தைச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்த டிசம்பரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைவிடத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவதே பெரிய வேலை. செடிப் பையைச் சாய்த்து அடியிலுள்ள துளைகளை ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். ஊற்றுவதானாலும் காலையில் தூரில் மட்டும் ஊற்றுங்கள். லென்ஸின் மேல் படியும் அதே பனிதான் இலையின் மேலும் படிகிறது. மாலையில் நீங்கள் வேறு இலையை நனைத்தால் பூஞ்சை நோய் பரவுவதற்குத் தோதாகிவிடும். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால், லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, பனி இறங்குவதற்குள் இலை உலரும்படி நான்கரை மணிக்கே தெளித்துவிடுங்கள்.

ஆனால் அந்த நான்கரை மணிக்கு நீங்கள் சபாவில் இருப்பதுதான் நல்லது. எண்ணெயை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றி, டிசம்பர் இசைவிழா வளர்ந்த காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி, பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது என்பது. வளரும் பாடகர்கள் பாடுவார்கள். மேடைக்கு நாலு வரிசை தள்ளி உட்காரலாம்.

ராகம் தெரியாவிட்டால் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்று, அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. பக்கத்து இருக்கைப் பாட்டியின் கையைப் பார்த்தாலே அரைமணியில் வந்துவிடும். பிரதான உருப்படி முடிந்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது கூட்டத்தில் பாதி கேன்டீன் பக்கம் எழுந்து போகும், நீங்கள் போகாதீர்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, சுற்றுகளைப் பாதி, கால் என்று குறைத்துக்கொண்டே வந்து, ஒன்றாக இணைந்து, முத்தாய்ப்பான ஒரே கோர்வையை மூன்று முறை வாசித்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து விடும்போது, தாளம் போட்டுக்கொண்டிருக்கும் உங்கள் கையும் அதே இடத்தில் வந்து விழும். அது ஒரு தடவை நிகழ்ந்துவிட்டால் ராகத்தின் பெயரை நீங்களாகவே விசாரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். ரவா தோசை எங்கும் ஓடிவிடாது.

சனி இரவு மாடி. ஞாயிறு காலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மணி வரை விழித்தவன் ஐந்து மணிக்குத் திருப்பாவை கேட்க எழுந்திருப்பேன் என்பதெல்லாம் வீட்டாரிடம் அடிபடுவதற்கான வழி.

கேள்வி: கச்சேரியில் கேமராவைப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: சபாவைக் கேட்காமல் கூடாது. அனுமதித்தாலும் ஃப்ளாஷ் வேண்டாம். குவியத்துக்கு உதவும் சிறு விளக்கையும் அணைத்துவிடுங்கள், அது பாடகரின் கண்ணில் நேராக அடிக்கும். தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையின்போது ஷட்டரை அழுத்தாமல் இருப்பது குறைந்தபட்ச மரியாதை.

கேள்வி: செடிகளுக்குப் பாட்டுப் போட்டால் நன்றாக வளரும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: உங்கள் ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் டி.சி.என். சிங்தான் இந்தப் பேச்சுக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர். செடிகளுக்கு வீணையும் வயலினும் கேட்கச் செய்து, அவை செழித்ததாக எழுதினார். பின்னால் வந்த அறிவியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. நான் மாடியில் வானொலியைக் கொண்டுபோய் வைப்பது வேறு காரணத்துக்காக: பாட்டு ஓடினால் இன்னும் அரைமணி நேரம் அங்கேயே இருப்பேன், செம்பருத்தி இலையைத் திருப்பிப் பார்ப்பேன், மாவுப்பூச்சி இரண்டு கணு ஏறுவதற்குள் பழந்துணியால் துடைத்துவிடுவேன்.