குவார்ட்டர்பேக் ஏன் தள்ளி நிற்கிறார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றியவை, அதிலும் ஷாட்கனா அண்டர் சென்டரா என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அமெரிக்கா வந்த பிறகுதான் இந்த விளையாட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். குவார்ட்டர்பேக் சில சமயம் சென்டரின் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்குகிறார், சில சமயம் நாலைந்து யார்டு தள்ளி நிற்கிறார். இது அவரவர் பழக்கமா, வேறு காரணம் உண்டா? (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

காரணம் உண்டு. சென்டர் முன் வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர், குவார்ட்டர்பேக் அதை வாங்கிப் பாஸ் வீசுபவர், அல்லது ஓடுபவரிடம் கொடுப்பவர். ஒட்டி நின்று கைக்குக் கை வாங்குவது அண்டர் சென்டர். சுமார் ஐந்து யார்டு பின்னால் நின்று, சென்டர் கால்களுக்கு நடுவே எறியும் பந்தைப் பிடிப்பது ஷாட்கன். பாஸ் வீசப்போகிற குவார்ட்டர்பேக்குக்கு எப்படியும் பின்னால் கொஞ்சம் இடம் வேண்டும். அண்டர் சென்டரில் பந்தை வாங்கிக்கொண்டு மூன்று, ஐந்து, ஏழு காலடிகள் என்று எண்ணிப் பின்வாங்க வேண்டும், அந்த நேரத்தில் எதிரணி எப்படி நகர்கிறது என்பதை அரைக் கண்ணால்தான் பார்க்க முடியும். ஷாட்கனில் அவர் முதலிலேயே அங்கே நிற்கிறார். யார் முன்னேறி வருகிறார், யார் பின்னால் போகிறார், பாஸ் பிடிக்க ஓடும் எந்த ரிசீவரைக் காவல் இல்லாமல் விட்டார்கள் என்று முழு மைதானமும் கண் முன்னால் இருக்கும். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) இன்னும் எட்டு யார்டு தேவை, அல்லது ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்றால், பாஸ்தான் வரும் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒளித்துவைக்க ஒன்றும் இல்லாதபோது ஷாட்கனில் நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: ஷாட்கனை முதலில் கொண்டுவந்தது யார்? டல்லாஸ் கவ்பாய்ஸ்தான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். (வாசகர், ஹியூஸ்டன்)

நண்பர் சொல்வது பாதி சரி. கவ்பாய்ஸ் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். பிள்ளையார் சுழி போட்டது சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் பயிற்சியாளர் ரெட் ஹிக்கி, 1960 நவம்பரில். எதிரே பால்டிமோர் கோல்ட்ஸ், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் சாம்பியன்கள். வழக்கம்போல ஆடினால் அவர்களுடைய பாஸ் ரஷ்ஷை, அதாவது குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்ந்து வரும் வேகத்தை, தாக்குப்பிடிக்க முடியாது என்று ஹிக்கி குவார்ட்டர்பேக்கைப் பின்னால் நிறுத்தினார், 30-22 என்று ஜெயித்தும்விட்டார். அந்தத் தெம்பில் அடுத்த ஆண்டு ஒய். ஏ. டிட்டில் என்ற அனுபவசாலியை நியூ யார்க் ஜயண்ட்ஸுக்கு அனுப்பிவிட்டு ஜான் பிரோடி, பில்லி கில்மர், பாப் வாட்டர்ஸ் என்று மூன்று குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி இறக்கினார். டெட்ராய்ட்டை 49-0, லாஸ் ஏஞ்சலிஸை 35-0 என்று துவைத்து எடுத்தார்கள். எல்லா அணிகளும் மிரண்டுபோயிருந்த சமயத்தில் சிகாகோ பேர்ஸ் வந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஷாட்கனின் பலவீனம் முழுவதும் அதில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சென்டர் பந்தைப் பின்னால் எறிய வேண்டுமென்றால் தலையைக் குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்து எறிய வேண்டும். எறிந்துவிட்டுத் தலையை நிமிர்த்துவதற்குள் ஒரு கணம் போய்விடும். பேர்ஸின் டிஃபென்ஸை அப்போது வகுத்துக் கொடுத்தவர் கிளார்க் ஷானெஸி. அவர் பில் ஜார்ஜ் என்ற லைன்பேக்கரை (டிஃபென்ஸின் முன் வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர்) கொண்டுவந்து சென்டரின் தலைக்கு நேர் எதிரே நிறுத்தினார். சென்டர் குனிந்த அதே கணத்தில் ஜார்ஜ் அவரைத் தாண்டிக் குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்ந்துகொண்டிருந்தார். 31-0, பேர்ஸ் வெற்றி. ஷாட்கனும் கொஞ்ச நாளில் மூட்டை கட்டியது. இந்த ஷானெஸி யார் என்றால், குவார்ட்டர்பேக்கை சென்டரோடு ஒட்டி நிறுத்தும் நவீன டி ஃபார்மேஷனை 1940இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலும் பேர்ஸ் அணியிலும் பட்டை தீட்டியவர்களில் ஒருவர். அந்த வருடச் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் பேர்ஸ் வாஷிங்டனை 73-0 என்று அடித்தது அந்த டி ஃபார்மேஷனை வைத்துத்தான். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் அவர்.

பிறகு 1975இல் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி கவ்பாய்ஸுக்காக ஷாட்கனைத் தூசி தட்டி எடுத்தார், குவார்ட்டர்பேக் ராஜர் ஸ்டாபாக் அதில் ஆடினார். அதே சீசனில் மின்னசோட்டாவுக்கு எதிராக ட்ரூ பியர்சனுக்கு அவர் வீசிய 50 யார்டு 'ஹெய்ல் மேரி' பாஸும் (கடைசி நேரத்தில் கடவுள்மேல் பாரத்தைப் போட்டு வீசும் நீண்ட பாஸ்) ஷாட்கனிலிருந்து போனதுதான். உங்கள் நண்பர் மனதில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: அவ்வளவு வசதி என்றால் எப்போதும் ஷாட்கனிலேயே நிற்கலாமே சார்? இன்னும் எதற்கு அண்டர் சென்டர்? (வாசகி, சான் ஹோசே)

எதிரணியின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கு. இதை நான் உரக்கவே சொல்வேன். அண்டர் சென்டரைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்கள் இந்த விளையாட்டின் அழகான பகுதி ஒன்றை இழக்கிறார்கள்.

பிளே ஆக்‌ஷன் என்ற உத்தியைக் கவனித்துப் பாருங்கள். குவார்ட்டர்பேக் பந்தை வாங்குகிறார், எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார், ஏழெட்டு யார்டு பின்னாலிருந்து ஓடி வரும் ரன்னிங் பேக்கின் (பந்தோடு ஓடுபவர்) வயிற்றருகே பந்தைக் கொடுக்கிற மாதிரி நீட்டுகிறார், ஆனால் கொடுப்பதில்லை. எதிரே நிற்கும் லைன்பேக்கருக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும், பந்து எங்கே என்று தெரியாது. முன் வரிசைக்காரர்கள் ஓட்டத்துக்கு வழிவிடுகிற மாதிரியே தள்ளுகிறார்கள், ரன்னிங் பேக்கும் பந்து கையில் இருக்கிற மாதிரியே குனிந்து ஓடுகிறார், லைன்பேக்கர் இரண்டு அடி முன்னால் வைத்துவிடுகிறார். அவ்வளவுதான் வேண்டும். அவர் விட்டுவந்த இடத்தில், பன்னிரண்டு பதினைந்து யார்டுக்குள், ஒரு ரிசீவர் குறுக்கே ஓடி வந்து நிற்பார், பந்து அங்கே போய்விடும். ஷாட்கனிலும் பிளே ஆக்‌ஷன் செய்கிறார்கள், ஆனால் அங்கே பந்து பெரும்பாலும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி முன்பக்கம் இருப்பதால் லைன்பேக்கரை அந்த அளவுக்கு இழுக்க முடிவதில்லை.

ஓட்டத்துக்கும் இதே கணக்கு. அண்டர் சென்டரில் ரன்னிங் பேக் பந்தை வாங்கும்போதே வேகம் பிடித்திருப்பார், நேராக வருவதால் இடமா வலமா என்றும் சொல்ல முடியாது. சாதாரண ஷாட்கனில் அவர் குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் நிற்பதால், எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே எதிரணிக்கு ஒரு துப்பு. (ஷாட்கன்காரர்கள் இதற்கு ஜோன் ரீட் என்று மாற்று வைத்திருக்கிறார்கள், எதிரணி ஆள் ஒருவர் நகர்வதைப் பார்த்து, பந்தைக் கொடுப்பதா தானே ஓடுவதா என்று குவார்ட்டர்பேக் அந்தக் கணத்தில் முடிவெடுப்பார். அதுவும் அருமையான உத்திதான், ஆனால் அதற்கு நன்றாக ஓடும் குவார்ட்டர்பேக் வேண்டும்.)

ஒரு யார்டுதான் தேவை என்றால் கேட்கவே வேண்டாம். ஐந்து யார்டு பின்னால் பந்தை அனுப்பிவிட்டு ஆறு யார்டு முன்னேறப் பார்ப்பது எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஜேலன் ஹர்ட்ஸ் சென்டரோடு ஒட்டி நின்று பந்தை வாங்க, பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் அவரைத் தள்ளுகிற 'டஷ் புஷ்' ஆட்டத்தைத் தடுக்க முடியாமல், 2025 மே மாதம் அதைத் தடை செய்யவே அணி உரிமையாளர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். தடைக்கு 24 வாக்கு தேவை, கிடைத்தது 22.

கேள்வி: ஷாட்கனில் பந்து தலைக்கு மேல் போய்விடும் ஆபத்து இல்லையா? (வாசகர், சிகாகோ)

இருக்கிறது, அதுவும் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலிலேயே நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரி, நியூ ஜெர்சியின் மெட்லைஃப் அரங்கம், டென்வருக்கு முதல் ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் அனுப்புவது). கூச்சலில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங் ஏதோ மாற்றிச் சொல்வதற்காக முன்னால் நடந்து வர, சென்டர் மேனி ராமிரஸ் பந்தை எறிந்துவிட்டார். அது மானிங்கைத் தாண்டி, டென்வர் காக்க வேண்டிய மைதான முனையான எண்ட் ஸோனுக்குள் போனது, பன்னிரண்டாவது நொடியில் சியாட்டிலுக்கு சேஃப்டி, இரண்டு புள்ளி. ஆட்டம் 43-8 என்று முடிந்தது. அண்டர் சென்டரிலும் பந்து நழுவும், ஆனால் நழுவினால் காலடியில் கிடக்கும்.

கேள்வி: பிஸ்டல் என்கிறார்களே, அது என்ன? (அதே சிகாகோ வாசகர்)

இரண்டுக்கும் நடுவில் ஒன்று. குவார்ட்டர்பேக் நாலு யார்டு பின்னால், ரன்னிங் பேக் அவருக்கு நேர் பின்னால். பார்வையும் கிடைக்கும், ஓட்டம் எந்தப் பக்கம் என்பதும் மறையும். நெவாடா பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஆல்ட் 2005இல் கொண்டுவந்தது. குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக் அங்கே வளர்ந்தவர்.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் குவார்ட்டர்பேக். அவனுடைய கோச் ஷாட்கன் மட்டும்தான் ஆட வைக்கிறார். பின்னாளில் இது அவனுக்குக் குறையாகிவிடுமா? (வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

கவலைப்படாதீர்கள் அம்மா. இன்று கல்லூரிகளில் பெரும்பாலான அணிகள் ஷாட்கனில்தான் ஆடுகின்றன, பள்ளிக் கோச்சுக்குக் கிடைக்கும் பயிற்சி நேரமும் குறைவு, இரண்டையும் சொல்லிக்கொடுக்க நேரம் போதாது. குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷாட்கனிலேயே வளர்ந்தவர். 2016இல் டிராஃப்ட்டின் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) முதல் ஆளாக லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு வந்து, அந்த வருடம் இறங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றார். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்த பிறகு அண்டர் சென்டர் பிளே ஆக்‌ஷனில் கொடிகட்டிப் பறந்தார், பின்னர் டெட்ராய்ட்டிலும் அதே ஆட்டம்தான். இருபது வயதுக்கு மேலும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு அவரே சாட்சி.

இருந்தாலும் இப்போதே பழகினால் நல்லதுதான், அதற்கு கோச்சின் திட்டம் எதையும் மாற்ற வேண்டாம். பயிற்சி முடிந்ததும் சென்டர் பையனைப் பத்து நிமிடம் கூட நிற்கச் சொல்லட்டும். வலது கைக்காரன் என்றால் வலது கை மேலே, இடது கை கீழே, உள்ளங்கைகளின் அடிப்பாகம் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். மேல் கையால் சென்டரை லேசாக அழுத்தினால்தான் பந்து எங்கே வர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பந்து கால்வாசிச் சுற்றுத் திரும்பி வந்து அதன் தையல் விரல்களில் உட்காரும். சிறுவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பந்து வருவதற்குள் கையை இழுத்துக்கொள்வது. சென்டர் முன்னால் அடி வைக்கும்போது கையும் அவனோடு கொஞ்சம் முன்னால் போக வேண்டும், பந்து விரலில் அழுந்திய பிறகுதான் பின்வாங்க வேண்டும். இது கைக்கு வந்த பிறகு, அடுத்ததாக மூன்றடி பின்வாங்கலை மட்டும் பழகட்டும். ஐந்தும் ஏழும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.