டெஸ்ட் வரலாற்றிலேயே தலைசிறந்த பேட்டிங் வரிசை எது? சேவாக், டிராவிட், சச்சின், கங்குலி, லட்சுமண் ஆடிய இந்திய அணிதானே?

இந்திய வரிசைக்கு முதல் ஐந்தில் நிச்சயம் இடம் உண்டு. முதலிடத்தை நான் 2004ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கே கொடுப்பேன். ஹேடன், லாங்கர், பாண்டிங், மார்ட்டின், லேமன், ஏழாவதாக கில்கிறிஸ்ட். ஆறாம் இடத்தில் சைமண்ட்ஸ், காட்டிச், கிளார்க் என ஆள் மாறிக்கொண்டே இருந்தது.

இந்த விவாதத்தில் பெரும்பாலானோர் செய்வது, ஏழு பேரின் வாழ்நாள் சராசரியைக் கூட்டிப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் 1958 மேற்கிந்தியத் தீவுகளின் ஐவர் மலைக்க வைப்பார்கள். ஹண்ட் 45.06, கன்ஹாய் 47.53, சோபர்ஸ் 57.78, வீக்ஸ் 58.61, வால்காட் 56.68. ஆனால் இந்த ஐவரும் சேர்ந்து ஆடியது பாகிஸ்தானுக்கு எதிராகச் சொந்த மண்ணில் நடந்த ஒரே ஒரு தொடரில்தான். அது முடிந்ததும் வீக்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். கிங்ஸ்டனில் 3 விக்கெட்டுக்கு 790 எடுத்து டிக்ளேர் செய்த ஆட்டத்தில் சோபர்ஸ் 365, ஹண்ட் 260. அதே இன்னிங்ஸில் பாகிஸ்தானின் மஹ்மூத் ஹுசைன் தன் முதல் ஓவரைக்கூட முடிக்காமல் காயத்தோடு வெளியேறினார். பேரி ரிச்சர்ட்ஸும் கிரேம் பொல்லாக்கும் இருந்த 1970 தென்னாப்பிரிக்காவும் இப்படித்தான்: சொந்த மண்ணில் நான்கே டெஸ்ட், நான்கிலும் வெற்றி, அதன்பின் நிறவெறிக் கொள்கையால் தடை. அந்த மட்டையாளர்கள் மகத்தானவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வெளிநாட்டு மண்ணில் சோதிக்கப்படாத வரிசைக்கு முதலிடம் தர எனக்கு மனம் வரவில்லை.

சரியாக ஒப்பிட வேண்டுமானால், கிரிக்இன்ஃபோ தளத்தின் புள்ளிவிவரத் தேடல் கருவியான ஸ்டேட்ஸ்குருவில் முதலில் தேதியைக் கட்டுப்படுத்துங்கள். வரிசையில் கடைசியாக இடம்பிடித்தவர் வந்த நாளில் தொடங்கி, முதலில் விலகியவர் போன நாளோடு நிறுத்துங்கள். இந்தியாவுக்கு அது சேவாக் தொடக்க வீரராக இறங்கிய 2002 லார்ட்ஸ் டெஸ்ட் முதல் கங்குலி விடைபெற்ற 2008 நாக்பூர் டெஸ்ட் வரை. பிறகு வெளிநாட்டு ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு, 1 முதல் 7 வரையிலான இடங்களில் எடுத்த மொத்த ரன்களை, விழுந்த விக்கெட்டுகளால் வகுங்கள். சராசரிகளுக்குச் சராசரி எடுக்காதீர்கள். ஆறாவதாகவும் ஏழாவதாகவும் வருபவர்கள் ஆட்டமிழக்காமல் நிற்பது கணக்கை ஊதிப் பெருக்கிவிடும். கடைசியாக, அதே ஆட்டங்களில் எதிரணியின் முதல் ஏழு பேருக்கும் இதே கணக்கைப் போடுங்கள். பிட்ச், காலம், மட்டையின் தரம் எல்லாம் இரு பக்கமும் அடிபட்டுப் போகும்.

அடிபடாத ஒன்று பந்துவீச்சு. பாண்டிங் அணி, தன் பக்கமே இருந்த மெக்ராவையும் வார்னையும் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. லாயிட் தலைமையிலான 1984 மேற்கிந்தியத் தீவுகளுக்கு அதேபோல் மார்ஷலும் ஹோல்டிங்கும் எதிரே வரவில்லை. அதனால் எண்களோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெளிநாட்டில், முதல் இன்னிங்ஸில் பின்தங்கிய பிறகு, ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில், அதாவது தன் இரண்டாவது இன்னிங்ஸில், அந்த வரிசை என்ன செய்தது?

2004 இலங்கைத் தொடர் இந்தக் கேள்விக்கென்றே நடந்ததுபோல் இருக்கும். மூன்று டெஸ்டிலும் முதல் இன்னிங்ஸ் முன்னிலை இலங்கைக்கு. காலியில் 161 ரன், கண்டியில் 91, கொழும்பில் 6. தொடரை ஆஸ்திரேலியா 3-0 என்று வென்றது. காலியில் இரண்டாவது இன்னிங்ஸில் ஹேடன் 130, மார்ட்டின் 110, லேமன் 129. கண்டியில் முதலில் 120க்குச் சுருண்டவர்கள் அடுத்து 442 எடுத்தார்கள். மார்ட்டின் 161, கில்கிறிஸ்ட் 144. வெற்றி வெறும் 27 ரன்னில். கொழும்பில் முதல் இன்னிங்ஸில் லேமன் 153, இரண்டாவதில் லாங்கர் 166. முரளிதரன் சுமாராக வீசிய தொடர் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் எடுத்தது 28 விக்கெட்!

அதே ஆண்டு இந்தியாவில் 2-1. 1969-70க்குப் பிறகு ஆஸ்திரேலியா இங்கே வென்ற முதல் தொடர் அது. முதல் மூன்று டெஸ்டுகளில் பாண்டிங் காயத்தால் ஆடவும் இல்லை. மார்ட்டின் சென்னையில் 104, நாக்பூரில் 114, 97. இந்த வரிசையைப் பேசும்போது எல்லோரும் ஹேடனையும் கில்கிறிஸ்டையும் சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஆசியாவில் அதைத் தாங்கிய தூண் மார்ட்டின்தான். பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு, கை இறுகாமல் ஆடுவார். அதனால் சுழன்று எகிறும் பந்தும் ஃபீல்டருக்கு முன்னாலேயே விழுந்துவிடும். அவரைச் சுற்றி இடதுகை ஆட்டக்காரர்கள் இருந்ததால் சுழற்பந்து வீச்சாளர் ஓவருக்குள்ளேயே திசையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஐந்து விக்கெட் விழுந்து கொஞ்சம் மூச்சுவிடும் நேரத்தில் 100 பந்துக்கு 82 ரன் வேகத்தில் அடிக்கும் கில்கிறிஸ்ட் வருவார். வேறெந்த வரிசையிலும் அப்படி ஓர் ஏழாவது ஆள் இருந்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. அதே இந்தியத் தொடரின் மும்பை டெஸ்டில் 107 ரன் இலக்கைத் துரத்தி 93க்கு ஆட்டமிழந்தார்கள். 2005இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் பிளின்டாஃபும் சைமன் ஜோன்ஸும், பழைய பந்தை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளைக்கும் ரிவர்ஸ் ஸ்விங்கில் வரிசையைக் கலைத்துப் போட்டார்கள். கில்கிறிஸ்டின் சராசரி 22.62, ஓர் அரைசதம்கூட இல்லை. அதனால்தான் '2000களின் ஆஸ்திரேலியா' என்று பொதுவாகச் சொல்லாமல் 2004 என்று குறிப்பாகச் சொல்கிறேன்.

இனி நம் அணி. இங்கிலாந்தில் ஆடிய 2002 ஹெடிங்லி இன்னிங்ஸை வெளிநாட்டில் இந்தியா ஆடிய மிகச் சிறந்த இன்னிங்ஸ் என்றே சொல்வேன். மேகமூட்டம், ஸ்விங், டாஸ் வென்று பேட்டிங். டிராவிட் 148, சச்சின் 193, கங்குலி 128, மொத்தம் 8 விக்கெட்டுக்கு 628. அந்தச் சதங்களுக்கு அடித்தளம் போட்டவர் 236 பந்து நின்று 68 எடுத்த சஞ்சய் பங்கர். அதே ஆண்டு டிசம்பரில், அதே ஐந்து பெரிய பெயர்களோடு நியூசிலாந்து போனோம். 161, 121, 99, 154. நான்கு இன்னிங்ஸில் ஒருமுறைகூட 200 தொடவில்லை. 2004 சிட்னியில் எடுத்த 705 கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்தத் தொடரில் மெக்ராவும் வார்னும் ஆடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் வரிசையின் உண்மையான ஓட்டை சேவாக்கின் ஜோடி யார் என்பதும், தோனி வரும்வரை ஏழாவது இடமும். 3 முதல் 6 வரை மட்டும் ஒப்பிட்டால் ஆஸ்திரேலியாவைவிட நாமே மேல்.

இரண்டாம் இடம் 1928-29 இங்கிலாந்துக்கு: ஹாப்ஸ், சட்கிளிஃப், ஹாமண்ட், ஜார்டின், ஹென்ட்ரன். ஆஸ்திரேலியாவில் 4-1, ஹாமண்ட் மட்டும் 905 ரன். மெல்போர்னில் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த பிட்சில், 332 துரத்தும்போது ஹாப்ஸும் சட்கிளிஃபும் முதல் விக்கெட்டுக்கு 105 சேர்த்தார்கள். சட்கிளிஃப் 135. மூடாத பிட்சில் பந்து எங்கே எழும் என்றே தெரியாத நேரத்தில் எடுத்த ரன்கள் அவை.

மூன்றாவது 1984 மேற்கிந்தியத் தீவுகள். லார்ட்ஸில் கடைசி நாளில் 342 இலக்கை ஒரே விக்கெட் இழந்து எட்டினார்கள், அதுவும் ரன் அவுட். கிரீனிட்ஜ் 214, கோம்ஸ் 92. நான்காவது 1948 ஆஸ்திரேலியா; பிராட்மேனை எடுத்துவிட்டாலும் மாரிஸ், பார்ன்ஸ், ஹாசெட், ஹார்வி மிஞ்சுகிறார்கள். ஐந்தாவது நாம். 2012இல் ஓவலில் 2 விக்கெட்டுக்கு 637 எடுத்த தென்னாப்பிரிக்காவுக்கு அந்த ஐந்தாம் இடத்தைக் கொடுப்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.